நீலமும் சாம்பலும் மட்டும் போதாது

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) பிளாஸ்டிக் சிப்பாய்களைச் சேர்க்கிறேன், 1/72 அளவு. வடக்குக்கு நீலம், தெற்குக்குச் சாம்பல் என்று பெயின்ட் அடித்தால் சீக்கிரமே உரிந்து வருகிறது. பெட்டி பெட்டியாக வாங்கியும் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகப் படுகிறது. என்ன செய்யலாம்? - வாசகர், கோவை

பதில்: முதலில் பெயின்ட். இவை வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீனில் வார்த்தவை, அதில் பெயின்ட் லேசில் பிடிக்காது. பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு), அதன் மேல் அக்ரிலிக் பெயின்ட், கடைசியில் வார்னிஷ். துப்பாக்கி முனையும் கத்தியும்தான் அதிகம் வளையும், உரிவதும் அங்கேதான் ஆரம்பிக்கும். அதனால் எப்போதும் காலடித் தட்டைப் பிடித்தே எடுங்கள்.

அப்புறம், இந்த 'ஒரே மாதிரி' விஷயம். பெட்டிக் கணக்கில் வாங்குவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1861 ஜூலை 21, வர்ஜீனியாவில் புல் ரன் சண்டை. தெற்கின் 33வது வர்ஜீனியா படை நீல உடுப்பில் வந்தது, வடக்கின் பீரங்கிக்காரர்கள் நம்ம ஆட்கள்தான் என்று நினைத்துச் சுடாமல் இருந்தார்கள், வர்ஜீனியாக்காரர்கள் கிட்டே வந்து ஒரே வீச்சில் சுட்டு பீரங்கிகளைப் பிடித்துவிட்டார்கள். அதே நாளில் வடக்கின் 2வது விஸ்கான்சின் படை சாம்பல் உடுப்பில் போய் சொந்தத் தரப்பிடமே குண்டடி பட்டது. வடக்கின் 14வது புரூக்ளின் ஆட்களுக்கோ சிவப்புக் கால்சட்டை! இந்த ஒரு நாளை மேஜையில் வைத்தாலே எத்தனை நிறம் பாருங்கள். போர் நீள நீள, தெற்கில் பலர் வீட்டுச் சாயம் தோய்த்த மங்கிய பழுப்பில்தான் திரிந்தார்கள், சாம்பலோடு அதையும் கலந்து அடியுங்கள்.

இன்னொன்றையும் அவசியம் சொல்ல வேண்டும். வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பினச் சிப்பாய்கள் இருந்தார்கள். அடிமைமுறையை வைத்து நடந்த போர் இது, அவர்கள் இல்லாத சேகரிப்பு எனக்கு முழுமையாகப் படாது. 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவின் வாக்னர் கோட்டை மீது கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட 54வது மாசசூசெட்ஸ் படை பாய்ந்தது. படைத் தலைவர் கர்னல் ஷா அங்கேயே செத்தார், அந்தப் படையின் வில்லியம் கார்னி பல காயங்களோடு கொடியைக் கீழே விடாமல் திரும்பக் கொண்டுவந்தார். இதற்குப் புதுப் பெட்டி தேவையில்லை, கையில் இருக்கிற வடக்குக் காலாட்படையே போதும். முகத்துக்கு ஒரே பழுப்பைப் பூசாமல் மூன்று நான்கு விதமாகக் கலந்துகொள்ளுங்கள்.