வாசகர் கேள்விகள்: பாம்பு, பல்லி, ஆமை வளர்க்கலாமா?

ஊர்வன வளர்ப்பு பற்றித் தொடர்ந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் பத்து வயது மகன் ஆமைக்குட்டி கேட்கிறான். நாய், பூனையைவிட ஆமைக்குப் பராமரிப்பு குறைவு என்கிறார்கள். வாங்கித் தரலாமா?

பராமரிப்பு குறைவு என்று சொன்னவர் ஆமையை அதன் முழு வளர்ச்சி வரை வளர்த்துப் பார்த்திருக்க மாட்டார். உள்ளங்கையில் அடங்கும் குட்டியாக விற்கிறார்களே சிவப்புக் காது ஆமை, அதில் பெண் ஆமையின் ஓடு 25 சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். முப்பது வருடம்கூட வாழும். அதாவது உங்கள் மகன் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடியேறி, நாற்பதைத் தொடும்போதும் அந்த ஆமை யாரோ ஒருவரின் பொறுப்பில் இருக்கும். அதற்கு நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் கொள்ளும் தொட்டி, நல்ல ஃபில்டர், ஏறி வெயில் காய ஒரு மேடை, வெப்ப விளக்கு, புற ஊதா விளக்கு எல்லாம் வேண்டும். சின்ன பிளாஸ்டிக் தட்டும் நடுவில் ஒரு பொம்மை மரமும் வைத்து விற்கிறார்களே, அதில் ஆமை வாழாது, மெதுவாகச் சாகும்.

இன்னொன்று சால்மொனெல்லா. ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையின் உடலிலும் இந்தக் கிருமி இருக்கலாம். குழந்தைகள் குட்டி ஆமையைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோய் நோயுற்றதால்தான், ஓடு சுமார் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதற்கு அமெரிக்கா 1975இல் தடை விதித்தது. வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, எதிர்ப்பு சக்தி குறைந்த முதியவரோ இருந்தால் வேண்டவே வேண்டாம். இல்லையென்றாலும் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டிச் சாமான்களைச் சமையலறையில் கழுவக் கூடாது.

மகனுக்காக வாங்காதீர்கள். அவன் ஆறு மாதத்தில் ஆர்வம் இழந்துவிட்டாலும் மீதி இருபத்தொன்பது வருடத்தை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்றால் மட்டும், உங்களுக்காக வாங்குங்கள்.

கேள்வி: என் பியர்டட் டிராகன் பல்லி நன்றாகச் சாப்பிடுகிறது. ஆனால் ஒரு கால் லேசாக வளைந்தமாதிரி இருக்கிறது, நடக்கும்போது நடுங்குகிறது. ஜன்னல் ஓரமாகத்தான் தொட்டி இருக்கிறது, வெயில் தாராளமாக வருகிறது. கவலைப்பட வேண்டுமா?

இதைப் படித்து முடித்ததும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எலும்பு மெலியும் நோயுடையவை. உணவில் இருக்கும் கால்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும், அதை உண்டாக்கப் புற ஊதா பி கதிர் வேண்டும், ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் உள்ளே வரும், தேவையான கதிர் மட்டும் வராது. தொட்டியும் கண்ணாடி என்றால் நேர் வெயிலில் உள்ளே சூடு ஏறி அது செத்துப்போகவும் வாய்ப்பு இருக்கிறது, ஆகவே முதலில் அதை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள்.

இதற்கென்றே விற்கும் புற ஊதா பி குழல் விளக்கை வாங்குங்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுவில், பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், மாற்றிவிட வேண்டும். தொட்டியின் ஒரு முனை 40 டிகிரி செல்சியஸை ஒட்டியும் மறுமுனை 25ஐ ஒட்டியும் இருக்கட்டும். அதன் உடல் தானாகச் சூடு உண்டாக்காது, அங்கும் இங்கும் நகர்ந்துதான் சரிசெய்துகொள்ளும், நகர இடம் கொடுக்க வேண்டியது நீங்கள். சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வையுங்கள்.

'நன்றாகச் சாப்பிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் இதை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். காட்டில் பலவீனத்தைக் காட்டிய பல்லி வேறொன்றுக்கு இரையாகிவிடும், அதனால் இவை நோயைக் கடைசிவரை மறைக்கும். குரல் எழுப்பி அழாது, முனகாது. பசியும் தாகமும் தவறான சூடும் வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டு உயிரோடு இருக்கும், நாமும் அதைப் பார்த்து நிம்மதியாக இருப்போம். நாயைப்போல் வந்து சொல்லாத உயிருக்கு நாம்தான் எடை பார்த்து, கழிவைக் கவனித்து, தோல் உரியும் நாளைக் குறித்துவைத்து விசாரிக்க வேண்டும். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பிராணியை வாங்கும் முன்பே அவரைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

கேள்வி: பண்ணையில் பிறந்தது என்று விற்பவர் சொன்னால் நம்பி வாங்கலாமா? காட்டில் பிடித்தது என்றால் என்ன பெரிய பிரச்சினை?

பிரச்சினை பெரியதுதான். இந்தோனேசியாவின் ரோட்டி தீவில் பாம்புக்கழுத்து ஆமை என்று ஓர் இனம் உண்டு. 1994இல் அதைத் தனி இனமாக விவரித்து வெளியிட்டார்கள், அதன்பின் செல்லப்பிராணி வியாபாரம் அதைக் காட்டிலிருந்து கிட்டத்தட்டத் துடைத்தே எடுத்துவிட்டது. சீனாவில் 1999இல் விவரிக்கப்பட்ட ஒரு கெக்கோ பல்லி இனத்துக்கும் இதே கதி, முதலில் கண்டெடுத்த இடத்தில் அது இல்லாமலே போனது. அதற்குப்பின் புதிய இனம் கண்டுபிடித்தால் சரியான இடத்தை எழுதவே ஆராய்ச்சியாளர்கள் தயங்குகிறார்கள். நட்சத்திர ஆமையைக் கடத்தல் எந்த அளவுக்குப் பாதித்தது என்றால், 2019இல் அதை, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு, அதாவது காட்டில் பிடித்ததைச் சர்வதேச வணிகத்தில் விற்கவே கூடாத பட்டியலுக்கு, மாற்றினார்கள்.

பிடித்து வந்த உயிரின் பாடு தனி. ஒட்டுண்ணிகள், சாக்குமூட்டைப் பயணம், பயத்தில் இரையைத் தொடாமல் இருப்பது, இதில் வழியிலேயே சாகிறவை எத்தனையோ.

'பண்ணை' என்ற பேச்சிலும் கவனம் வேண்டும். டோகோ, பெனின், கானா நாடுகளிலிருந்து வரும் பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புகளில் பல, காட்டிலிருந்து பிடித்த சினைப் பாம்புகள் இட்ட முட்டைகளைப் பொரித்து எடுத்தவை. பண்ணையில் பொரித்தது என்பது உண்மை, தாய் காட்டிலிருந்து வந்தது என்பதும் உண்மை. ஆகவே விற்பவரிடம் பெற்றோரைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மாதம் பொரித்தது, இதுவரை எத்தனை முறை சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். நிஜமாக வளர்த்தவர் இதையெல்லாம் எழுதி வைத்திருப்பார், கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார். மழுப்பினால் வந்துவிடுங்கள். பாவமாக இருக்கிறதே என்று மீட்பதாக நினைத்து வாங்கினாலும், காலியான அந்தப் பெட்டிக்கு அவர் இன்னொன்றைத் தருவிப்பார்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் முதலில் பாருங்கள். உள்ளூர் இனங்களை வீட்டில் வைத்திருப்பதே பல இடங்களில் குற்றம்.

கேள்வி: பாம்புக்கு உயிருள்ள எலி போட மனம் வரவில்லை. வேறு வழி?

போடாதீர்கள். உறைநிலையில் வைத்து விற்கும், ஏற்கெனவே கொன்ற எலியைக் குளிர் முழுக்கப் போகும்வரை இளக்கி, லேசாகச் சூடாக்கி இடுக்கியால் நீட்டினால் பெரும்பாலான பாம்புகள் எடுத்துக்கொள்ளும். எலிக்கும் வலி உண்டு. மூடிய பெட்டியில் தப்ப வழியில்லாமல் அது படும் பாடு தேவையற்றது, அது திருப்பிக் கடித்துப் பாம்புக்கு ஆழமான காயம் வருவதும் உண்டு. அப்புறம், எலியைக் கையாளவே முடியாது என்றால் பாம்பு உங்களுக்கானது இல்லை. அதைச் சைவமாக்க முடியாது.

கேள்வி: 'ஸ்பைடர்' நிறவகைப் பால் பைத்தான் அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அந்த நிறத்தைத் தரும் அதே மரபணு தலை ஆட்டத்தையும் தடுமாற்றத்தையும் கூடவே கொண்டுவருகிறது. அளவில் கூடக் குறைய இருக்கும், சிலது இரையைக் குறிபார்த்துப் பிடிக்கவே திணறும். நம் கண்ணுக்காக ஓர் உயிர் வாழ்நாள் முழுக்கத் தடுமாறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வாங்குகிறவர்கள் நிறுத்தினால்தான் இனப்பெருக்கம் செய்கிறவர்களும் நிறுத்துவார்கள்.

கேள்வி: என் இகுவானா பல்லி ஒன்றரை மீட்டர் வளர்ந்துவிட்டது. வாலால் அடிக்கிறது, கடிக்கிறது. என்னால் முடியவில்லை. காட்டில் விட்டுவிட்டால் சுதந்திரமாக இருக்குமே?

உங்கள் சோர்வு புரிகிறது. ஆனால் விடக் கூடாது. உங்கள் பகுதியின் குளிரோ வறட்சியோ அதற்கு ஒத்துவராவிட்டால் அது பட்டினியில் சாகும். ஒத்துவந்தால் அங்குள்ள மற்ற உயிர்கள் சாகும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், வளர்ப்பிடங்களிலிருந்து விடப்பட்டும் தப்பியும் போன பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, ரக்கூன், முயல் போன்ற பாலூட்டிகள் பெரும் சரிவைக் கண்டன. சிவப்புக் காது ஆமையைக் குளங்களில் விட்டுவிட்டுப் போனவர்களால் அது உலகின் மோசமான அயல் இனங்களில் ஒன்றாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியை நிறுத்தவேண்டி வந்தது.

முதலில் ஒரு மருத்துவரைக் கேளுங்கள். வளர்ந்த ஆண் இகுவானா இனப்பெருக்கக் காலத்தில் மூர்க்கமாவது இயல்பு, சில வாரங்களில் தணியலாம். இடம் போதாததும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் மீட்பு மையம், உயிரியல் பூங்கா, அனுபவமுள்ள வளர்ப்பாளர் என்று வரிசையாகக் கேளுங்கள். பல இடங்களில் இடமில்லை என்பார்கள், மாதக்கணக்கில் ஆகலாம், அதுவரை உணவும் விளக்கும் குறையக் கூடாது. சிலர் ஃபிரீசரில் வைத்துவிட்டால் தூங்கியபடி போய்விடும் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள், அது கொடுமையான சாவு. விளம்பரம் கொடுக்கும்போது கடிக்கும், வாலால் அடிக்கும் என்பதை மறைக்காமல் எழுதுங்கள், வயது, எடை, சாப்பிடுவது, மருத்துவ விவரம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கூண்டையும் விளக்குகளையும் அதனுடனே கொடுத்துவிடுங்கள். எடுக்க வருகிறவர் அதை எங்கே வைக்கப்போகிறார் என்று பார்த்துவிட்டு ஒப்படையுங்கள்.