ஊட்டி பஸ்ஸில் வாந்தி வருகிறவர் கப்பலில் போகலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 61. கூட்டுறவு வங்கி வேலையில் ஓய்வு பெற்று, இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். திருப்பூர் சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு பேர் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நான்கு இரவு சொகுசுக் கப்பலில் பினாங்கும் போர்ட் கிளாங்கும் பார்த்துத் திரும்பப் போகிறார்களாம். இவரையும் மனைவியையும் கூப்பிடுகிறார்கள். "வீட்டில் அவங்களுக்கு மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியாறு போவதற்குள் வாந்தி வந்துவிடும். நானோ நாலு இடம் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவன். ஒரு ஆளுக்கு 45,000 ரூபாய், எல்லாம் சேர்த்து என்கிறார் ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமைக்குள் 20,000 அட்வான்ஸ் கட்டினால்தான் இந்த விலையாம். கப்பல் பயணம் எங்களுக்கு ஒத்து வருமாங்க?" என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் வீட்டம்மாவுக்கு ஒத்து வரும் என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு வருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

வாந்தியை முதலில் பார்ப்போம். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்ல, மூளை குழம்புகிறது. அதனால் வருவதுதான் பயண வாந்தி. ஊட்டி மலையில் நிமிடத்துக்கு ஒரு வளைவு, முன்சீட்டு முதுகைத் தவிரக் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கூடவே டீசல் வாடை. பெரிய கப்பலில் இந்த மூன்றும் இல்லை. பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் அடியில் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி தகடுகள் இருக்கும். முன்னும் பின்னுமாகத் தூக்கிப்போடும் ஆட்டத்தை அவை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் நீங்கள் போகும் மலாக்கா ஜலசந்தி ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியா என்று இரண்டு கரைக்கும் நடுவில் இருப்பதால் பெரும்பாலும் அமைதியான நீர். வடகிழக்குப் பருவமழையில் சென்னைப் பக்கக் கடலும், தென்மேற்குப் பருவமழையில் கொச்சிப் பக்கக் கடலும் இருக்கிற நிலையோடு அதை ஒப்பிடவே கூடாது. பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பலர் இந்தத் தடத்தில் நன்றாகத் தூங்கி எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முக்கியம் அறை இருக்கும் இடம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. மேல் தளத்தில், மூக்குப் பக்கத்து அறையில் அதிகம். எடைபார்க்கும் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். நடுமுள் அசைவதற்கும் தட்டு அசைவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. குமட்டினால் அறைக்குள் படுக்காமல் வெளித் தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் பஸ்ஸுக்குப் போடும் அவோமின் கப்பலுக்கும் கேட்கும். அது தூக்கம் வரவைக்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களும் புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. இறங்கிய பிறகு ஓரிரு நாள் தரை ஆடுகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

இங்கேதான் ஏஜென்ட் வருகிறார். நீங்கள் சொல்லும் விலைக்கு அவர் போட்டிருப்பது அநேகமாக 'கேரண்டி கேபின்'. நம் ஊரில் கேரண்டி என்றால் உறுதி. கப்பலில் அதற்கு அர்த்தம் வேறு. இந்த வகையில் ஒரு அறை உண்டு என்பது மட்டும்தான் உறுதி, எந்த அறை என்பதைக் கப்பல் கம்பெனி கடைசியில் முடிவு செய்யும். மூக்குப் பக்கம் விழுந்தாலும் விழும். இதை எந்த ஏஜென்டும் வாயால் சொல்வதில்லை. உங்கள் வீட்டம்மாவுக்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அறை எண்ணை இப்போதே வாங்கிவிடுங்கள்.

அதோடு நிற்கவில்லை. ஒரு அறையில் இரண்டு பேருக்கு ஒரு விலை, கூட வரும் மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைந்த விலை என்பது கப்பல் கணக்கு. நாலு பேரை ஒரே அறையில் அடைத்து, அந்தச் சராசரியை 'ஆளுக்கு இவ்வளவுதான்' என்று சொல்லி விற்பது ஏஜென்ட் கணக்கு. கூட்டமாகப் போகிறவர்கள் விழுவது இதில்தான். மூன்றாவது நான்காவது படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். 61 வயதில் நடுராத்திரி பாத்ரூம் போக ஏணியில் இறங்குவதா? 'எங்கள் அறையில் எத்தனை பேர்?' என்று நேராகக் கேளுங்கள்.

'எல்லாம் சேர்த்து' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. எது எல்லாம்? அறை, பொது உணவுக்கூடச் சாப்பாடு, இரவுக் கலைநிகழ்ச்சிகள், நீச்சல் குளம், சரி. துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்திருக்கிறதா? ஊழியர்களுக்கான டிப்ஸ் பெரிய கம்பெனிகளில் கட்டாயம் மாதிரிதான், ஆளுக்கு நாளுக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர். நாலு இரவு, இரண்டு பேர் என்றால் 128 முதல் 160 டாலர். அது உங்கள் 45,000-க்குள் இருக்கிறதா? கரையில் இறங்கிச் சுற்றும் வண்டி? விமான டிக்கெட்? கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் கப்பல் கிளம்பும் அன்று காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். விமானம் தாமதமானது என்பதற்காகக் கப்பல் நிற்காது, பணமும் திரும்பாது.

சிங்கப்பூருக்கு விசா வேண்டும். இங்கிருந்து நாமே நேராகக் கேட்க வழியில்லாமல், அங்கே நமக்காக விண்ணப்பிக்க ஆள் இல்லையென்றால், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம்தான் போக வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர்தான். மேலே எவ்வளவு வாங்குவது என்பது அவரவர் மனசாட்சி. உங்கள் கப்பல் சிங்கப்பூரில் கிளம்பி மலேசியா போய் மறுபடி சிங்கப்பூருக்கு வருகிறது. அதாவது இரண்டு முறை உள்ளே நுழைகிறீர்கள். விசா பலமுறை நுழைவதற்கானதா என்று அச்சடித்த தாளை வாங்கி நீங்களே பாருங்கள். அப்புறம் சிங்கப்பூர் வருகை அட்டை, மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை இரண்டும் இணையத்தில் முழுக்க இலவசம். இதற்குக்கூட 'ஃபைலிங் சார்ஜ்' போட்டு வாங்குகிறார்கள். பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் நிரப்பித் தருவார்கள்.

வெளிநாட்டு டூர் என்றால் டிசிஎஸ் என்று ஒரு வரியும் பிடிப்பார்கள். 2020 அக்டோபரில் 5 சதவீதம் என்று வந்தது. 2023 அக்டோபரில் ஏழு லட்சத்துக்கு மேல் 20 சதவீதம் என்றார்கள். 2025 ஏப்ரலில் அந்த ஏழு லட்சம் பத்து லட்சம் ஆனது. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் எதை நினைவில் வைப்பது? கட்டும் அன்று என்ன விகிதம் என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். அது உங்கள் பான் எண்ணில் ஏறும் பணம், வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம். ஏஜென்ட் பிடித்த பணத்தை உண்மையில் கட்டினாரா என்பது வருமான வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் தெரியும். சில மாதம் கழித்துப் பாருங்கள்.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே டிக்கெட்டிலும் விசாவிலும் கப்பல் பதிவிலும் பெயர் இருக்க வேண்டும், இது எல்லோருக்கும் பொது. ஆனால் நம் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும், சிலருக்கு ஒரே சொல்தான். புக்கிங் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. ஏஜென்ட் கடையில் உட்கார்ந்திருக்கும் பையன் கையில் கிடைத்ததைப் போடுகிறான். கணவருக்கு அப்பா பெயர், மனைவிக்கு இனிஷியல், விமான டிக்கெட்டில் ஒன்று, கப்பலில் வேறொன்று. ஒரே சொல் பெயருக்கு ஒவ்வொரு விமானக் கம்பெனியும் ஒரு வழி வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள். எனவே அந்தந்தக் கம்பெனியிடம் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கித்தான் போட வேண்டும். சிங்கப்பூரில் ஒரே சொல் பெயர் தடையில்லை. அடுத்த வருடம் துபாய்க் கப்பலுக்குக் கூப்பிட்டால் கதை வேறு. 2022 நவம்பரிலிருந்து, ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டை அமீரகம் சுற்றுலா விசாவுக்கு ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறார்கள். உங்கள் இருவருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து, அந்தக் கட்டத்தை இன்றே பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நாம் பெயர் வைத்த முறையில் ஒரு பிழையும் இல்லை. படிவம் செய்தவர்களுக்குத்தான் நம்மைத் தெரியவில்லை, அலைவது மட்டும் நாம்.

சரி, இத்தனையும் சரியாக இருக்கிறது என்றே வைப்போம். உங்களுக்கு ஏன் சந்தேகம் என்றேன்? நீங்கள் 'நாலு இடம் சுற்றிப் பார்க்க' என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பல் பயணத்தில் பெரும்பாலான நேரம் கப்பல்தான் ஊர். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே நிற்கும், இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போய் வாழையிலையில் சாப்பிடலாம், அது சுகம். போர்ட் கிளாங் அப்படியில்லை. அங்கிருந்து பத்துமலை முருகனைப் பார்க்கப் போக வர மட்டும் மூன்று மணி நேரம் போய்விடலாம், 272 படி ஏறி இறங்க வேண்டும், மாலையில் கப்பல் கிளம்புமுன் திரும்ப வேண்டும். பழனிக்கு விடியற்காலையில் போய், உச்சிகாலம் பார்த்து, அன்னதானம் சாப்பிட்டு ஆற அமர வருகிறவருக்கு இந்த ஓட்டம் பிடிக்காது. இடம் பார்ப்பதுதான் ஆசை என்றால், அதே பணத்தில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் விமானத்தில் போய் ஆறு நாள் நிதானமாகப் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் வீட்டம்மாவை நினைத்துப் பாருங்கள். அவர் ஓய்வு பெறவில்லை. உறம்பரை வந்தாலும், தோட்டத்தில் ஆள் விட்டாலும், அடுப்பு அவருடையதுதான். கோயில் டூர் போனாலும் கட்டுச்சோறு கட்டுவது யார்? கப்பலில் அந்த வேலை ஒன்றும் கிடையாது. வீட்டில் சமைத்த சாப்பாட்டை ஏற்றவே விடமாட்டார்கள், கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும்கூடக் கூடாது. நாலு நாள் யாரோ சமைத்து, யாரோ பாத்திரம் கழுவி, யாரோ படுக்கை விரிப்பார்கள். சம்பந்தி வீட்டுப் பெண்களோடு கடலைப் பார்த்து உட்கார்ந்து பேசலாம். அவருக்காகப் போவதென்றால் இது அருமையான பயணம். அவரிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரியும் இல்லை. அரிசிம்பருப்புச் சாதம் கிடைக்காது. சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியச் சைவச் சாப்பாடு இருக்கும், புக்கிங்கிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னும் தயக்கமாக இருந்தால் சின்னதாகப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கோர்டிலியா என்ற இந்தியக் கப்பல் கம்பெனியின் எம்ப்ரஸ் கப்பல் சீசனுக்கு ஏற்ப மும்பை, கொச்சி, சென்னையிலிருந்து இரண்டு மூன்று இரவுப் பயணம் போகிறது. இந்தியாவுக்குள்ளேயே திரும்பும் தடம் என்றால் பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். மழைக்காலத்தைத் தவிர்த்துப் போய் வந்தால், உங்கள் கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் கிடைக்கும்.

எங்கே போனாலும் இரண்டு விஷயத்தில் கை வைக்காதீர்கள். கண்காட்சியில் கூப்பன் எழுதிப் போட்டீர்கள், இலவசக் கப்பல் பயணம் விழுந்திருக்கிறது, தம்பதியாக ஹோட்டலுக்கு வாருங்கள் என்று போன் வந்தால், அது வருடக்கணக்கில் பணம் கட்டும் ஹாலிடே கிளப்பில் உங்களைச் சேர்க்கும் கூட்டம். மாதாமாதம் கட்டினால் மூன்றாவது வருடம் கப்பல் என்று டூர் சீட்டு சேர்ப்பவர்களும் அப்படித்தான். 2012-ல் ஈமு கோழி வளர்ப்பில் போட்ட பணம் என்ன ஆனது என்று பெருந்துறைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பயண இன்சூரன்ஸும் எடுத்துவிடுங்கள். கப்பல் டாக்டரின் பில் டாலரில் வரும், நம் ஊர் ஹெல்த் கார்டு அங்கே எடுபடாது. துறைமுகம் தாண்டியதும் போனை விமான நிலையில் போடுங்கள், கடல் நெட்வொர்க்கின் கட்டணம் தாங்காது.

அப்புறம், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கெடு. கப்பல் கம்பெனியின் விலை ஏறும், இறங்கும், இறங்குவதும் நிறையவே உண்டு. அட்வான்ஸை ஏஜென்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள், நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பி ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். அட்வான்ஸ் கட்டிய கையோடு கப்பல் கம்பெனி தரும் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணையும் பெயரையும் போட்டால் கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் பதிவு தெரியும். 'டிக்கெட் எல்லாம் கிளம்பும்போது மொத்தமாகத் தருகிறேன்' என்று சொன்னால், சம்பந்தி வீட்டார் கட்டிய பணத்துக்கும் சேர்த்து அன்றைக்கே கேள்வி கேளுங்கள்.