வேக வரம்பிலேயே போகிறேன், நான் ஏன் சைடு கொடுக்க வேண்டும்?

கேள்வி: மூன்று லேன் நெடுஞ்சாலையில் வரம்பு 100 என்றால் சரியாக 100-ல், வலது ஓர லேனில் போவேன். பின்னால் வருபவர்கள் ஹெட்லைட் அடித்து விரட்டுகிறார்கள். சட்டப்படி போகும் நான் ஏன் ஒதுங்க வேண்டும்?

பதில்: ஒதுங்கிவிடுங்கள். அவர் வரம்பை மீறினால் அது அவர் தப்பு. அவரைத் தடுத்து நிறுத்தும் பொறுப்பு உங்களுடையது அல்ல. இன்னொன்று, பெரும்பாலான கார்களில் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும். நீங்கள் 100 என்று நினைப்பது 95 ஆகக்கூட இருக்கலாம்.

வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடுகளில் வலது ஓர லேன் முந்துவதற்கானது. (வலப்பக்கம் ஓடும் நாடுகளில் எல்லாமே இடம் மாறும்.) 1968-ம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் இதைத்தான் கேட்கிறது: பின்னால் வருபவர் முந்த விரும்பினால் ஓரம் ஒதுங்க வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது. நீங்கள் வழிவிடாவிட்டால் அவர் இடப்பக்கமாகப் புகுந்து லாரிகளுக்கு நடுவே வளைந்து போவார். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் முந்துவார்கள் என்று லாரி ஓட்டுநர் எதிர்பார்க்க மாட்டார். எனக்குப் பெரிய பயமே அதுதான்.

பதற்றத்தில் சட்டென்று இடப்பக்கம் திருப்பாதீர்கள். லாரியை முந்திக்கொண்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். 80-ல் போகும் லாரியை 90-ல் முந்தினால், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளியையும் சேர்த்து, 40 விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு கிலோமீட்டர் ஓடியிருக்கும். 100-ல் முந்தினால் ஏறக்குறைய பாதி நேரம் போதும். ஆகவே முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வலப்பக்கம் ஏறுங்கள். லாரியின் பக்கவாட்டிலேயே ஒட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். அங்கே பல இடங்களில் ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

திரும்புவதற்கு நான் கற்றுக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு. உள்கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுதாகத் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் இன்னும் நேரம் வரவில்லை. இரண்டும் தெரிந்ததும் இண்டிகேட்டர் போட்டு, தலையைத் திருப்பி இடப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாக இறங்குங்கள். பின்னால் இருப்பவர் எவ்வளவு நெருக்கினாலும் பிரேக்கைத் தொட்டு மிரட்ட வேண்டாம்; 100-ல் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறீர்கள்.

இடப்பக்கச் சாலையிலிருந்து வண்டிகள் வந்து சேரும் இடங்களில் மட்டும், நடு லேன் காலியாக இருந்தால், முன்கூட்டியே அதற்கு மாறி அவர்களுக்கு இடம் விடுங்கள். அந்த இடத்தைக் கடந்ததும் பழையபடி இடது லேனுக்கே வந்துவிடலாம்.