பழைய டெஸ்க்டாப்பும் புதிய விண்டோஸும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப்பை (நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்) வைத்து வீட்டிலேயே அழைப்பிதழ் வடிவமைத்துக் கொடுக்கிறேன். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும்தான் என் பிழைப்பு. ஆன் செய்து ஒரு ஃபைலைத் திறப்பதற்குள் ஐந்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 11-க்கு இந்த இயந்திரம் தகுதியற்றது என்றும் செய்தி வருகிறது. புதிதாக வாங்குவதுதான் ஒரே வழி என்கிறார் பழுது பார்ப்பவர். உண்மையா?
– வாசகர், விருதுநகர்

பதில்: பாதி உண்மை. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும், இன்டெல்லில் ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்கிறது. உங்கள் ஐ3 அந்தப் பட்டியலில் இல்லை. ரேமில் அது கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபிதான் என்பதால், ரேமைக் கூட்டினாலும் அந்தச் செய்தி மறையாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது என்றாலும், அதனால் நிற்பது பாதுகாப்புத் திருத்தங்கள்தானே தவிர கம்ப்யூட்டர் அல்ல. அந்தத் திருத்தங்களையும் 2026 அக்டோபர் 13 வரை பெற வீட்டுப் பயனாளர்களுக்கென ஒரு நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் சேர உங்கள் விண்டோஸ் 10, அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-ஆக இருக்க வேண்டும்.

ஐந்து நிமிடத் தாமதம் வேறு கதை. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘டிஸ்க்’ என்ற இடத்தைப் பாருங்கள். ஆன் செய்த பிறகு வெகுநேரம் அது 100 சதவீதத்திலேயே நின்றால், குற்றவாளி பிராசஸர் அல்ல, ஹார்ட் டிஸ்க்தான். சுழலும் தட்டின்மேல் அங்குமிங்கும் ஓடி ஓடித் தேடிப் படிக்கும் அந்தப் பழைய டிஸ்க், விண்டோஸ் 10 பின்னணியில் ஒரே நேரத்தில் கேட்கும் நூறு சின்னச் சின்ன ஃபைல்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறது. சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றை (256 ஜிபி, சாட்டா வகை) வாங்கி அதில் விண்டோஸைப் பதிந்து, பழைய டிஸ்க்கை ஃபைல்களைச் சேமிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே 4 ஜிபி ரேம் ஒன்றைச் சேர்க்கலாம். உங்கள் இயந்திரத்துக்கு டிடிஆர்3தான் பொருந்தும், கடைக்காரர் டிடிஆர்4-ஐ நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேபினட்டைத் திறந்த கையோடு பிராசஸர் விசிறியில் அடைந்திருக்கும் தூசியையும் தட்டிவிடுங்கள். (பல்லி முட்டை கிடந்தாலும் வியப்பதற்கில்லை; நான் பார்த்திருக்கிறேன்.)

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மிண்ட் உங்கள் இயந்திரத்தில் தாராளமாக ஓடும். ஆனால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பாமினி எழுத்துருவை லினக்ஸில் நிறுவிவிடலாம். பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. தொழில் நடப்பது எந்த மென்பொருளிலோ அதை வைத்துத்தான் இயங்குதளத்தை முடிவு செய்ய வேண்டும். நீட்டிப்புக்கு உள்ள காலத்தைப் பழைய ஃபைல்களை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றப் பயன்படுத்துங்கள். அது முடிந்தால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் போகலாம்.

கேள்வி: கோர் 2 டுவோ என்ற பழைய பிராசஸர் உள்ள கம்ப்யூட்டரிலும் ரூஃபஸ் என்ற மென்பொருளைக் கொண்டு நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுவிடலாம் என்கிறான் நண்பன். போடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். ரூஃபஸ் நீக்குவது சோதனையைத்தான். பிராசஸரில் இல்லாத திறனை அதனால் கொண்டுவர முடியாது. 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11-க்கு எஸ்எஸ்இ 4.2 என்ற பிராசஸர் கட்டளைகள் அவசியம். கோர் 2 டுவோவில் அவை இல்லாததால் அது தொடங்கவே தொடங்காது. பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்துக்கும் என்றால், ரேமை 4 ஜிபி ஆக்கி லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த பதிப்பைப் போடுங்கள். தமிழ்99 விசைப்பலகை அதிலும் உண்டு. பிரவுசரில் பத்து டேப்களைத் திறந்து வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸுடன் லினக்ஸையும் போட்ட நாள் முதல் கடிகாரம் தவறாகவே காட்டுகிறது. லினக்ஸ்தான் காரணமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: எவ்வளவு தவறு என்பதைப் பாருங்கள். விண்டோஸுக்குத் திரும்பும்போது சரியாக 5 மணி 30 நிமிடம் பின்தங்கியிருந்தால் காரணம் லினக்ஸ்தான். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வரும் வேறுபாடு அது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸில் அமைத்தால் தீர்ந்துவிடும். மாறாக, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் ஆண்டே மாறிப் பழைய தேதி வந்து, இணையதளங்களெல்லாம் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் மிரட்டினால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி வைத்து அழுத்துங்கள்.