கல்லூரியில் கணித ஆசிரியர் வேலை எப்படி இருக்கும்?

எம்.எஸ்சி. கணிதம் முடிக்கப் போகிறேன், கல்லூரி ஆசிரியர் வேலைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சுயநிதிக் கலைக் கல்லூரி ஒன்றில் பதினொரு வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில் தகுதி. முதுகலையில் 55 சதவீதம், அதோடு நெட் அல்லது செட், அதாவது தேசிய அல்லது மாநில அளவிலான ஆசிரியர் தகுதித் தேர்வு. கணிதக்காரர்களான நமக்கு நெட் என்றால் அறிவியல் பாடங்களுக்கான சிஎஸ்ஐஆர் நெட்தான். அதன் பகுதி சி-யில் கேள்விக்கு 4.75 மதிப்பெண், சரியான விடை ஒன்றுக்கு மேலும் இருக்கும், அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண். நெகட்டிவ் மார்க் இல்லையே என்று சந்தோஷப்பட வேண்டாம், ஒன்றை விட்டாலும் பூஜ்யம்தான். எனக்கு நாலாவது தடவையில்தான் கிடைத்தது.

சம்பளத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. அரசு, உதவிபெறும் கல்லூரி நிரந்தரப் பணி ஒரு உலகம், எங்களுடையது வேறு. மே மாதம் வந்தால் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க ஊர் ஊராக அனுப்புவார்கள். கல்லூரிக்குத் தரமதிப்பீடு தரும் நாக் அமைப்புக்கான கோப்புகள் தனிக்கதை.

ஆனால் வகுப்பு இருக்கிறதே! இரண்டாம் ஆண்டுக்கு ரியல் அனாலிசிஸ், எல்லை, தொடர்ச்சி போன்றவற்றைத் துல்லியமாக நிரூபிக்கும் பாடம். சார்பின் மதிப்பில் எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்பது எப்சிலான், அதற்குப் புள்ளியை எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது டெல்டா. இந்த இரண்டையும் சொன்னதும் பாதிப் பேர் நெட்டுருவுக்குத் தயாராகிவிடுவார்கள். ஒருமுறை அவசரத்தில் நான் போர்டில் ஒரு குறியைத் திருப்பிப் போட்டுவிட்டேன். இன்டர்னல் தேர்வில் முக்கால்வாசி பேப்பரில் அதே திருப்பிய குறி. யார் மேல் கோபப்படுவது?

அதிலிருந்து பூட்டும் சாவியும் சொல்லித்தான் தொடங்குகிறேன். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்கிறது என்பது வேறு, ஒரே சாவி எல்லாப் பூட்டையும் திறக்கும் என்பது வேறு. பூட்டு என்பது புள்ளி, சாவி என்பது டெல்டா. முதலாவது வெறும் கன்டினியுட்டி (தொடர்ச்சி), இரண்டாவது யூனிஃபார்ம் கன்டினியுட்டி (சீரான தொடர்ச்சி). 0-க்கும் 1-க்கும் நடுவில் 1/x-ஐ எடுத்தால், 0-வை நெருங்க நெருங்க டெல்டா சுருங்கிக்கொண்டே போகும். எல்லாப் புள்ளிக்கும் பொதுச் சாவி கிடையாது.

போன வருடம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, தமிழ்வழியில் படித்து வந்தவள், அதுவரை வாயே திறக்காதவள், எழுந்தாள். "மேடம், பூட்டு மொத்தமே பத்துதான்னா? பத்து டெல்டாவுல சின்னதை எடுத்துக்கிட்டா எல்லாத்துக்கும் பொருந்துமே?"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. இரு முனைகளும் சேர்ந்த மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு ஏன் தானாகவே யூனிஃபார்ம் ஆகிறது என்பதன் கரு அதுதான்: முடிவில்லாத புள்ளிகளை முடிவுள்ள எண்ணிக்கைக்குக் கொண்டுவந்துவிட்டு, இருப்பதிலேயே சிறிய டெல்டாவை எடுப்பது. இப்படிக் கொண்டுவர முடிகிற பண்புக்குப் பெயரான காம்பேக்ட் என்ற சொல்லையே அவளுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தேற்றம் அடுத்த யூனிட்டில் வருகிறது.

"நாளைக்கு இதைத்தான் நடத்தப் போறேன், நீயே போர்டுக்கு வா" என்றேன். அதற்குள் பெல் அடித்துவிட்டது. மறுநாள் வந்தாள், பாதி நிரூபணம் வரை போனாள். மீதியை நான் எழுதினேன், இந்த முறை குறியைச் சரிபார்த்துவிட்டு.