ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாக மாறி விளையாடும்) கேம்களில் வீடு வாங்கி அலங்கரிப்பதால் விளையாட்டுக்கு ஏதாவது மதிப்பு கூடுகிறதா, இல்லை வெறும் நேர விரயமா?

கூடுகிறது. கேள்விக்குக் கீழே நீங்கள் சேர்த்திருக்கும் விளக்கத்தில், "சண்டைக்கு உதவாத நாற்காலியையும் பூந்தொட்டியையும் வாங்கிப் போடுவதில் என்ன இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களை எனக்குத் தெரியாது. ஆனால் சொந்த வீட்டில் வளர்ந்தவர் என்று அடித்துச் சொல்வேன். சுவரில் கிறுக்கினால் அம்மா மட்டும்தான் திட்டுவார், அந்த மாதிரி வீடு. தப்பாக இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்.

நான் கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட்டின் லைன் வீட்டில் வளர்ந்தவன். எஸ்டேட் பெயர் வேண்டாம், சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். லைன் வீடு தெரியாதவர்களுக்காக: ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், ஆளுக்கு ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் கொஞ்சம் திண்ணை. 1951ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. அதனால் வீடு உண்டு, வேலை இருக்கிறவரை. வெள்ளையடிப்பது அவர்கள், என்ன நிறம் என்று முடிவு செய்வதும் அவர்கள். அம்மா ஒருமுறை மீந்துபோன நீல பெயிண்டை யாரிடமோ வாங்கி வந்து முன்கதவுக்கு அடித்தார். அதற்கு அப்பா ஆபீஸ் வாசலில் போய் நின்று பதில் சொல்லிவிட்டு வந்தார். சுவரில் ஏற்கெனவே இருந்த ஆணிகளில்தான் காலண்டரும் சாமி படமும் என் ஸ்கூல் பையும் மாறி மாறித் தொங்கும்.

இப்போது ஸ்கைரிமுக்கு வருகிறேன். 2011இல் வந்த கேம். நான் விளையாடியது பல வருடம் கழித்து, கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கிய பிறகு. வைட்ரன் ஊரில் ப்ரீஸ்ஹோம் என்று ஒரு சின்ன வீடு, விலை 5000 தங்கம். ஆரம்பத்தில் அது பெரிய தொகை, குகை குகையாகப் புகுந்து கிடைத்ததை எல்லாம் விற்றுத்தான் சேர்க்க வேண்டும். வாங்கினால் உள்ளே தூசியும் ஒட்டடையும்தான் இருக்கும். சாமான்களுக்கு ஒவ்வொரு அறைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். 2012இல் வந்த ஹார்த்ஃபயர் டிஎல்சியில் (கேம் வந்த பிறகு தனியாக விடும் கூடுதல் பகுதி) இன்னும் ஒரு படி மேலே போய், காலி மனையை வாங்கி நீங்களே கட்டலாம். களிமண் தோண்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும், மரம் அறுக்கக் கொடுக்க வேண்டும், இரும்பைப் பட்டறையில் அடித்து ஆணி செய்ய வேண்டும். ஆமாம், ஆணி. பெட்டி பெட்டியாக ஆணி. அந்த டிஎல்சியில் மணிக்கணக்காக என்ன செய்தாய் என்று நண்பன் கேட்டபோது ஆணி அடித்தேன் என்றுதான் சொன்னேன், அவன் சிரித்தான்.

நான் கட்டியது ஃபால்க்ரீத் பக்கம் ஏரிக்கு மேலே இருக்கும் லேக்வியூ மனையில். சுற்றிலும் பைன் மரம், அவ்வப்போது கரடி. கோத்தகிரிக்காரனுக்குக் கரடி ஒன்றும் புதிதில்லை, எங்கள் ஊரில் கோயில் விளக்கில் இருக்கும் எண்ணெய் குடிக்கவே வரும். வீட்டுக்கு மூன்று பக்கமும் ஒரு பகுதி சேர்க்கலாம், ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். கிழக்கே சமையலறையா, நூலகமா, ஆயுத அறையா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்துவிட்டு நூலகம் வைத்தேன். அங்கே புத்தகம் அடுக்கினால் எந்த மந்திர சக்தியும் கூடாது. அடுக்கினேன்.

அப்பா ஓய்வு பெற்ற சமயம் அது. லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தேன். வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்று சொல்லிவிட்டார்கள். வீடு தேட கிராஜுவிட்டி வேண்டும், கிராஜுவிட்டி வர வீட்டைக் காலி செய்ய வேண்டும். சட்டம் என்ன சொல்கிறது என்று பாடம் எடுக்க யாராவது வருவீர்கள், எங்களுக்கும் தெரியும், தெரிந்து என்ன செய்ய? பாத்திரங்கள் எல்லாம் சாக்கில் கட்டியாகிவிட்டது. நான் மூலையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார்.

"யாரு வீடுடா அது?"

"என் வீடுப்பா. நானே கட்டினது."

"பட்டா யாரு பேர்ல?"

"என் பேர்லதான்."

"சும்மா குடுத்துட்டானா?"

ஜார்ல் என்று ஒருவர் இருக்கிறார், அந்தப் பகுதிக்கே அதிகாரி, முதலில் அவர் சொல்கிற வேலையைச் செய்து கொடுக்க வேண்டும், அப்புறம்தான் மனை வாங்க விடுவார் என்று விளக்கினேன்.

"அங்கயும் தொரைகிட்ட நல்ல பேரு வாங்கணுமா" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஜார்லு செத்துட்டா வீடு உனக்குத்தானே?" என்றும் கேட்டார். எனக்குத்தான். கேமில் நடக்கும் உள்நாட்டுப் போரில் யார் ஜெயித்தாலும் ஜார்ல் மாறினாலும் வீட்டை யாரும் கேட்பதில்லை.

இதைச் சொன்னால் உடனே 'எஸ்கேபிசம்' என்று ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நிஜத்தில் வீடு இல்லாதவன் திரையில் கட்டிக்கொள்கிறான், பாவம் என்று. பாவம் எல்லாம் வேண்டாம். டிராகனைக் கொல்பவனிடம் யாரும் 'நிஜத்தில் உன் ஊரில் டிராகன் தொல்லையா' என்று கேட்பதில்லை, வீடு கட்டுபவனிடம் மட்டும் கேட்கிறார்கள்.

சரி, உங்கள் கேள்வி. ஸ்கைரிமில் ஒரு குகையில் இருக்கும் பெட்டியில் எதையாவது வைத்துவிட்டுப் போங்கள். விளையாட்டின் கணக்கில் 10 நாளிலோ 30 நாளிலோ அந்த இடம் பழையபடி ஆகிவிடும், உங்கள் பொருள் இருக்காது. வாங்கிய வீட்டுப் பெட்டியில் வைத்தால் கடைசிவரை இருக்கும். உலகம் முழுக்கத் தானாக அழிந்து தானாக நிரம்பும்போது, வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்பக்கூடிய இடம் அது. என்னைக் கேட்டால் வீட்டின் வேலை அதோடு முடிந்தது. அதற்கு மேல் 'பயன்' என்று எதையாவது சேர்த்தால் கெட்டுவிடுகிறது.

ஜென்ஷின் கேமைப் பாருங்கள். 2021இல் ஒரு மாயத் தேநீர்ப் பானைக்குள் தீவு கொடுத்தார்கள், வீடு தோட்டம் எல்லாம் அமைக்கலாம். ஆனால் எத்தனை சாமான் வைக்கிறீர்களோ அதற்கு ஏற்ப ஒரு புள்ளி ஏறும், புள்ளி ஏறினால் காசு வேகமாகச் சேரும். விளைவு? பாதிப் பேர் மேசை, கட்டில், அலமாரியை எல்லாம் ஒரு மூலையில் குவித்துப் போட்டுப் புள்ளியை ஏற்றிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பழைய இரும்புக் கடை தோற்றுவிடும். என் சித்தி மகள் மட்டும் காசைப் பற்றிக் கவலைப்படாமல் வேலி போட்டுச் செடி வைத்துக்கொண்டிருக்கிறாள், அவள்தான் அந்தப் பானையைச் சரியாக விளையாடுகிறவள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் 2014இல் ஆளுக்கொரு கோட்டை கொடுத்தார்கள். சுரங்கம், தோட்டம், வேலையாட்கள் என்று எல்லாப் பலனும் உள்ளேயே கிடைத்ததால் ஜனங்கள் வெளியே வரவே இல்லை, ஊர்ச் சந்தை காலி என்று விளையாடியவர்களே புலம்பினார்கள்.

ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற ஆன்லைன் கேம் இன்னொரு ரகம். மனை எண்ணிக்கை குறைவு, வாங்க ஆள் அதிகம், அதனால் 2022 முதல் குலுக்கல். குலுக்கலில் ஜெயித்தாலும் 45 நாள் வீட்டுக்குள் கால் வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். சாமான்களை மீட்க அதன் பிறகு 35 நாள் தவணை. வேறு ஆட்களுக்கு இடம் வேண்டும், நியாயம்தான். ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் மரம் விழுந்து கரண்ட் போனால் நெட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அது வேறு. எனக்கு அந்தக் கேம் பிடிக்கும், அந்த வீடு வேண்டாம். இருந்த வீடே அப்படிப்பட்டதுதான்.

விட்ச்சர் 3 கேமின் கடைசி டிஎல்சியைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவார்கள். 2016இல் வந்தது. மூன்று பெரிய கேம்கள் முழுக்க ஊர் ஊராக அலைந்தவன் கெரால்ட், அவனுக்குக் கடைசியில் ஒரு திராட்சைத் தோட்டமும் வீடும் கிடைக்கிறது. கவசங்களை நிறுத்தி வைக்கலாம், சுவரில் ஓவியம் மாட்டலாம். கட்டிலை மாற்றினால் ஏதோ பலன் உண்டு, நான் அதற்காக மாற்றவில்லை. எந்த ஓவியத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்றுதான் நேரம் போனது.

இப்போது கோத்தகிரி டவுனுக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அதுவும் லேசில் கிடைக்கவில்லை. மாத வாடகைக்கு விடுவதைவிட ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டினால் சீசனில் ஒரு வாரத்திலேயே அந்தப் பணம் வந்துவிடும், உள்ளூர்க்காரனுக்கு யார் கொடுப்பார்? சொந்தமாகக் கட்டலாம் என்று ஒன்றரை சென்ட் பார்த்தால், மலைப்பகுதிக் கட்டட அனுமதிக்கு ஒரு ஆபீஸிலிருந்து இன்னொரு ஆபீஸுக்கு ஃபைல் நடந்துகொண்டே இருக்கிறது. எதிர்ச் சரிவில் கண்ணாடி வைத்த காட்டேஜ்கள் மட்டும் எப்படியோ முளைத்துவிடுகின்றன. கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். வாடகை ஒப்பந்தத்தில் 'சுவரில் ஆணி அடிக்கக் கூடாது' என்று ஒரு ஷரத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஸ்கைரிமை இப்போதுதான் ஆரம்பித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ப்ரீஸ்ஹோமையே வாங்குங்கள், பட்டறையும் சந்தையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஹார்த்ஃபயர் இருந்தால் குழந்தைகள் அறை வேண்டுமா என்று கேட்கும். அதை வாங்கினால் அந்த இடத்திலிருக்கும் ஆல்கெமி மேசை போய்விடும், மருந்து காய்ச்சுகிறவர் என்றால் யோசித்து வாங்குங்கள்.