அரைத்த மாவையே அரைத்தவரா ராபன்?

கேள்வி: நெதர்லாந்தின் கால்பந்து வீரர் ஆர்யென் ராபனை இன்னும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். வலது ஓரத்தில் பந்தை வாங்குவார், உள்ளே வெட்டுவார், இடது காலால் அடிப்பார். காலமெல்லாம் அரைத்த மாவையே அரைத்தவர். சுயநலக்காரர், தொட்டாலே விழுகிறவர், போதாததற்கு உலகக் கோப்பையையும் கோட்டைவிட்டவர். இவருக்கு எதற்கு இத்தனை பாராட்டு? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: பெயரைப் போடவில்லை, நிம்மதியாக இருங்கள்.

மாவு விஷயத்துக்கே வருவோம். அதே மாவு, அதே கல். ஆனால் ஒரு வீட்டில் தோசை மொறுமொறுவென்று வருகிறது, இன்னொரு வீட்டில் கல்லோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிறது. ராபன் என்ன செய்யப்போகிறார் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எதிரில் நிற்கிற டிஃபெண்டருக்கு அது இன்னும் நன்றாகவே தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை என்றால் அது எப்படி என்றல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்?

பழைய வீடியோ எதையாவது எடுத்துப் போட்டு, பந்தை விட்டுவிட்டு டிஃபெண்டரின் காலை மட்டும் பாருங்கள். ராபன் கோட்டோரமாகப் பந்தோடு மெதுவாக வருவார். குட்டிக் குட்டி எட்டு, எட்டுக்கு ஒரு தட்டு, பந்து காலைவிட்டு ஒரு சாண்கூட விலகாது. டிஃபெண்டர் காலை நீட்டினால் ஃபவுல், நீட்டாவிட்டால் பின்வாங்கிக்கொண்டே பெனால்ட்டி பெட்டிவரை போய்விட வேண்டியதுதான். அந்தப் பக்கம் நிற்கிற லெஃப்ட் பேக் பெரும்பாலும் இடதுகால்காரர், ஆகவே ராபன் உள்ளே திரும்பும்போது அவர் தனக்குப் பழக்கமில்லாத வலது காலை நீட்ட வேண்டியிருக்கும். இதற்கு நடுவில் ராபனுடைய ஜெர்மன் கிளப்பான பேயர்ன் மியூனிக்கில், சக ஆட்டக்காரர் ஃபிலிப் லாம் வெளிப்பக்கமாகக் குதிகால் தெறிக்க ஓடி வருவார். லாமுக்குப் பந்து போகாதென்று டிஃபெண்டருக்குத் தோன்றும், ஆனால் போய்விட்டால்? அந்த ஒரு கணச் சந்தேகத்தில் அவருடைய உடம்புப் பாரம் வெளிக்காலுக்கு மாறும். ராபன் காத்திருந்தது அதற்குத்தான். ஒரு தள்ளு, இரண்டு எட்டு, அப்புறம் டிஃபெண்டரின் உடம்பையே திரையாக வைத்துக்கொண்டு தூரக் கம்பத்தை நோக்கி ஒரு வளைவு. கோல்கீப்பர் பந்தைப் பார்க்கும்போது அது பாதி வழி வந்திருக்கும். வித்தை ஒன்றுதான், ஆனால் அதை எப்போது போடுவது என்பதை அவர் ஒவ்வொரு முறையும் எதிராளியின் காலைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்.

இன்னொன்று. உங்களுக்கு நினைவிருக்கிற பெரிய கோல்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 2010 ஏப்ரலில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில், சக ஆட்டக்காரர் ரிபெரியின் கார்னரை, பந்து தரையைத் தொடும் முன்பே அடித்துப் பேயர்னை சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குக் கொண்டுபோனாரே, அதில் உள்ளே வெட்டுவது எங்கே இருக்கிறது? 2014 உலகக் கோப்பையில் ஸ்பெயினை 5-1 என்று நொறுக்கிய ஆட்டத்தில், மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து ஓட ஆரம்பித்து டிஃபெண்டர் செர்ஹியோ ராமோஸைப் பின்னால் விட்டுவிட்டு, தரையில் தவழ்ந்த கோல்கீப்பர் காசியாஸைச் சுற்றிக்கொண்டு அடித்தது வெறும் ஓட்டம். 2013 வெம்ப்ளி கோலைச் சொல்லவே வேண்டாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

உலகக் கோப்பையைக் கோட்டைவிட்டார் என்பதை மறுக்கமாட்டேன். ஸ்பெயினுடனான 2010 இறுதிப் போட்டி நமக்கு நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்க, நான் டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றேகால் மணி இருக்கும், சக ஆட்டக்காரர் ஸ்னைடர் டிஃபெண்டர்களைப் பிளந்து பந்தைக் கொடுக்க, ராபனுக்கு முன்னால் காசியாஸ் மட்டும்தான். ராபன் அடித்தார், காசியாஸ் ஒரு பக்கம் விழுந்துவிட்டார், ஆனால் பின்னால் நீண்டிருந்த காலில் பட்டுப் பந்து கம்பத்துக்கு வெளியே போனது. 116-வது நிமிடத்தில் ஸ்பெயினின் இனியஸ்டா கோல், கதை முடிந்தது. நான் "ஐயோ" என்றதில் பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது, அது வேறு கதை.

ஆனால் அவர் எந்தக் காலோடு ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் முன்பு ஹங்கேரியுடன் ஆடிய நட்பு ஆட்டத்தில் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. சிகிச்சை எடுத்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் பேயர்ன் மருத்துவர்கள் பரிசோதித்தபோது தசைக் கிழிசல் ஆறவே இல்லை என்று தெரிந்து, அடுத்த ஜனவரி வரை ஆட முடியாமல் போனது. எங்கள் ஆளைக் கெடுத்து அனுப்பிவிட்டீர்கள் என்று பேயர்ன் நெதர்லாந்துக் கால்பந்துச் சங்கத்தோடு மல்லுக்கு நிற்க, நஷ்ட ஈடாக ஒரு நட்பு ஆட்டம் ஆடித் தருவதாக ஒப்பந்தமானது. அந்த ஆட்டம் விழுந்த தேதிதான் கொடுமை, 2012 மே 22.

ஏன் கொடுமை? அந்த ஏப்ரலில் டார்ட்முண்டில் நடந்த, லீக் பட்டத்தையே தீர்மானிக்கிற ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் ராபன் அடித்த பெனால்ட்டியை டார்ட்முண்ட் கோல்கீப்பர் வைடன்ஃபெல்லர் பிடித்துவிட்டார். டார்ட்முண்டின் சுபோடிச் ஓடி வந்து முகத்துக்கு நேராக நின்று கத்தினார். மே 19-ல் சொந்த ஊர் மியூனிக்கிலேயே சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரணி அவருடைய பழைய கிளப் செல்சி. கூடுதல் நேரத்தில் பெனால்ட்டி கிடைத்தது, மறுபடியும் ராபன்தான் வந்தார், பழைய கூட்டாளி பீட்டர் செக் தடுத்துவிட்டார். கோப்பை போய்விட்டது. மூன்றே நாளில் அதே மைதானத்தில் ஆரஞ்சுச் சட்டையோடு அந்த நஷ்ட ஈட்டு ஆட்டத்துக்கு இறங்கினால், பேயர்ன் ரசிகர்களே, அதாவது அவருடைய சொந்த ரசிகர்களே, அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் விசிலடித்து அவமானப்படுத்தினார்கள். நானாக இருந்தால் அன்று ராத்திரியே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

அவர் கட்டவில்லை. 2013 மே 25, வெம்ப்ளி, மறுபடியும் சாம்பியன்ஸ் லீக் இறுதி, மறுபடியும் டார்ட்முண்ட், கோல் வாசலில் அதே வைடன்ஃபெல்லர். முதல் பாதியில் ராபனுக்குக் கிடைத்த வாய்ப்புகளை அவர் வீணாக்கியதைப் பார்த்து, ஆரம்பித்துவிட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பிறகு சக ஆட்டக்காரர் மான்ஜூகிச் அடித்த கோலுக்குப் பந்தை உருட்டிக் கொடுத்தது ராபன். 1-1 ஆகி, 89-வது நிமிடத்தில் ரிபெரி குதிகாலால் தட்டிவிட, இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் புகுந்து இடது காலால் லேசாக ஒரு தட்டு தட்டினார். அந்தப் பந்து ஏதோ கடைக்குப் போகிற மாதிரி மெதுவாக உருண்டு போனது. வைடன்ஃபெல்லர் வேறு பக்கம் சாய்ந்திருந்தார்.

விழுவதைப் பற்றி நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. விழுந்தார், நிறைய விழுந்தார். 2014-ல் மெக்சிகோவுடன் கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்ட்டி இன்றும் அந்த நாட்டில் ஆறாத புண், "அது பெனால்ட்டி இல்லை" என்பது அங்கே பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் ராபனே, முதல் பாதியில் ஒரு தடவை வேண்டுமென்றே விழுந்தேன், செய்திருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டார், ஆனால் கடைசியில் நடந்தது நிஜமான ஃபவுல்தான் என்றார். நான் பார்த்தவரை மெக்சிகோ டிஃபெண்டர் மார்கேஸின் கால் பட்டது, ராபன் அதற்கு மேல் கொஞ்சம் நடிப்பையும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் உண்மை.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். க்ரோனிங்கன் பக்கத்தில் பெடும் என்ற சிற்றூரில் 1984-ல் பிறந்தவர், 16 வயதில் எஃப்சி க்ரோனிங்கனுக்கு ஆட ஆரம்பித்தார். பிஎஸ்வி, செல்சி, ரியல் மாட்ரிட், பேயர்ன் என்று நான்கு நாடுகளில் லீக் பட்டம். 2009-ல் ரொனால்டோவும் காக்காவும் வந்ததும் மாட்ரிட் இவரைத் தள்ளிவிட்டது. பேயர்னில் கையெழுத்துப் போட்ட மறுநாளே, அப்போதைய சாம்பியன் வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராகப் பாதியில் இறங்கி இரண்டு கோல் அடித்தார். அங்கே பத்து சீசனில் 309 ஆட்டம், 144 கோல், எட்டு லீக் பட்டம். கண்ணாடி மனிதன் என்று கேலி செய்யப்பட்டவர், வருஷா வருஷம் காயத்தில் படுத்தவர். அத்தனைக்கும் நடுவில் இது.

கடைசியாகச் சுயநலம். சக ஆட்டக்காரர்களுக்கே அந்தக் கோபம் இருந்தது. 2012-ல் மாட்ரிடுடனான அரையிறுதியின் இடைவேளையில் ரிபெரி அவரைக் கைநீட்டி அடித்து, கிளப்புக்கு அபராதம் கட்டினார். வெம்ப்ளியில் குதிகாலால் தட்டிவிட்டதும் அதே ரிபெரிதான். 2019-ல் ஒரே நாளில் பேயர்னிடம் விடைபெற்ற இருவரும் அந்தக் கடைசி லீக் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர்களாக இறங்கி ஆளுக்கொரு கோல் அடித்தார்கள்.

அதோடு ஓய்வு என்று அறிவித்தவர், கொரோனாவில் தள்ளாடிய க்ரோனிங்கனுக்கு உதவ மறுவருஷம் திரும்பி வந்தார். முதல் லீக் ஆட்டத்தில் அரை மணி நேரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், பிறகு பல மாதம் சிகிச்சை. 2021 மே மாதம், 37 வயதில், எம்மன் அணிக்கு எதிராக மறுபடி முதல் வரிசையில் ஆடினார். அந்த சீசனில் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. எம்மனுடன் ஜெயித்தது 4-0, அதில் இரண்டு கோலுக்குப் பந்து கொடுத்தது நீங்கள் சொன்ன அந்தச் சுயநலக்காரர்.